ஒரு ஸ்பிரிங்குக்காக மெஷினையே தூக்கிப் போடச் சொல்பவர்களுக்கு



இது நீளமான பதிவு. பாகாயத்தில் பஸ் ஏறி, டவுனுக்குள் போய் இறங்குவதற்குள் படித்து முடிக்க முடியாது. மிச்சத்தை வீட்டுக்குப் போய்ப் படியுங்கள்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பிரித்துப் போட்ட ஒரு கிளட்ச்சின் போட்டோவைப் போட்டிருந்தேன். புல் வெட்டும் மெஷின் கிளட்ச். அதற்கு வந்த பதில்கள்தான் இதை எழுத வைத்தன. "அத்தை, கிளட்ச் போச்சுன்னா மெஷினே போச்சு. புதுசு வாங்கிடுங்க" என்று ஒருவன். "ரிட்டையர் ஆனவங்க கோயில் குளம்னு போகாம கிரீஸ் கையோட என்ன பண்றீங்க?" என்று ஒருத்தி. இன்னும் நாலு பேர் சிரிக்கிற பொம்மை. கோயிலுக்கும் போகிறேன் அம்மா, செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும். உன்னை விட்டுவிடுகிறேன். புதுசு வாங்கச் சொன்னவன் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன். என் வயிற்றெரிச்சல் அங்கேதான்.

அந்த மெஷின் என்னுடையது இல்லை. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவனுடையது. பெயர் வேண்டாம், அவனுக்குப் பிடிக்காது. ஓட்டேரி, தொரப்பாடி, அரியூர்ப் பக்கமெல்லாம் தோளில் பிரஷ் கட்டரை மாட்டிக்கொண்டு போய் தென்னந்தோப்பு, காலி மனை, வீட்டுத் தோட்டம் என்று மணிக்கணக்கில் புல் வெட்டிக் கொடுப்பவன். மனைவி ஷூ கம்பெனி வேனில் விடியற்காலை கிளம்பி இருட்டிய பின் வருபவள். மகளிர் குழுவில் அவள் பெயரில் கடன் எடுத்துத்தான் மெஷின் வாங்கினார்கள். ஒன்றரை வருடத்தில் ஒரு கோளாறு: ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டாலும் கீழே பிளேடு நிற்காமல் சுற்றுகிறது. வாங்கிய கடையில் காட்டினான். கடைப் பெயர் இங்கே தேவையில்லை. "கிளட்ச் போயிடுச்சு, இந்த மாடலுக்கு தனியா பார்ட்ஸ் வராது, பழசைப் போட்டுட்டுப் புதுசு எடுத்துக்கோ, தவணையில தர்றோம்" என்றார்களாம். பழைய மெஷினுக்கு அவர்கள் போட்ட விலையைக் கேட்டால் காயலான் கடைக்காரரே வெட்கப்படுவார்.

அவன் என்ன செய்தான்? சுற்றுகிற பிளேடோடேயே பதினொரு நாள் வேலை செய்தான். பன்னிரண்டாவது நாள் ஒரு கல் தட்டி, மெஷின் திரும்பி, பிளேடு அவனுடைய கம் பூட்டின் முன்பக்கத்தைச் சீவிக்கொண்டு போய்விட்டது. கட்டைவிரல் தப்பியது. அந்த பூட்டை என் வீட்டுத் திண்ணையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, "டீச்சர், உங்க அப்பா ஃபிட்டர்னு சொல்வீங்களே, நீங்க பாருங்க" என்றான்.

என் அப்பா ராணிப்பேட்டைப் பக்கம் டேனரியில் ஃபிட்டர். தோல் ஊறும் டிரம், சேவிங் மெஷின், பம்பு, எது நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவள் நான். ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ தவிர எனக்கு வேறு படிப்பு கிடையாது. ஆனாலும் நாலு போல்ட்டைக் கழற்றத் தெரியும். கழற்றினோம். கிளட்ச்சில் இருந்த ஸ்பிரிங் இரண்டாக உடைந்து கிடந்தது. அவ்வளவுதான் கோளாறு. கிளட்ச் ஷூவில் தேய்மானமே இல்லை. வேலூர் டவுனில் தேடி, அதே அளவு ஸ்பிரிங் கிடைத்தது. ஒரு டீயும் இரண்டு வடையும் சாப்பிடுகிற காசுதான்.

இனி கொஞ்சம் பாடம். வகுப்பில் தூங்கியவர்களும் இப்போது விழித்துக்கொள்ளுங்கள்.

இது மையவிலக்கு கிளட்ச். நம் ஊரில் எல்லார் வீட்டிலும் ஒரு காலத்தில் நின்ற டிவிஎஸ் 50-இல் இருந்ததும் இதே தத்துவம்தான். 1980-இல் ஓசூரிலிருந்து அந்த வண்டி வந்தபோது கிளட்ச் லீவரும் இல்லை, கியரும் இல்லை. திருகினால் போகும், விட்டால் நிற்கும். பால்காரரிலிருந்து தோல் மண்டிக் கணக்குப்பிள்ளை வரை எல்லாரும் அதை ஓட்டினார்கள் என்றால் அந்தக் கிளட்ச்தான் காரணம். எஞ்சின் தண்டோடு சேர்ந்து இரண்டு ஷூக்கள் சுற்றும். அவற்றை உள்பக்கமாக இழுத்துப் பிடிப்பது ஸ்பிரிங். சுற்று வேகம் கூடினால் ஷூக்கள் ஸ்பிரிங்கை மீறி வெளியே விரிந்து, சுற்றியிருக்கும் டிரம்மின் உள்சுவரைப் பிடிக்கும். டிரம் சுற்றும், பிளேடும் சுற்றும். வேகம் குறைந்தால் ஸ்பிரிங் ஷூக்களை உள்ளே இழுத்துக்கொள்ளும், பிளேடு நிற்கும். ஆக, ஸ்பிரிங் என்பது இந்த மெஷினின் பாதுகாப்புக் கருவி. அது உடைந்தால் ஷூ எப்போதும் டிரம்மைத் தொட்டபடியே இருக்கும். பிளேடு நிற்காது. "கிளட்ச் போயிடுச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்த அந்தக் கடைக்காரர், நிற்காத பிளேடோடு ஒருவனைத் தெருவில் அனுப்பினார். அதைத்தான் நான் குற்றம் என்கிறேன். பார்ட்ஸ் இல்லை என்றால்கூட, "இப்படி ஓட்டாதே, கால் போயிடும்" என்று சொல்ல வேண்டாமா?

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். இதை நம் ஊரில் பெட்ரோல் மிச்சம் பிடிப்பவர்கள் எல்லாரும் படிக்க வேண்டும். மையவிலக்கு விசை வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். எஞ்சின் நிமிடத்துக்கு 8,000 சுற்று ஓடும்போது விசையை 64 என்று வையுங்கள் (எட்டெட்டு அறுபத்து நாலு). 5,000 சுற்றில் அது 25. ஷூ டிரம்மைத் தொடத் தொடங்குவது 4,000 சுற்றில் என்றால், ஸ்பிரிங்கின் இழுப்பு 16. அதைக் கழியுங்கள். முழு வேகத்தில் பிடிப்பு 48. அரைகுறை வேகத்தில் வெறும் 9. ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை! எஞ்சின் என்னவோ நன்றாகத்தான் உறுமும். ஆனால் புல் தடிக்கும் இடத்தில் ஷூ வழுக்கும், டிரம் சூடேறும், நீலம் பாரிக்கும், லைனிங் கருகும். "மெதுவா ஓட்டினா மெஷினுக்கு நல்லது" என்று நினைத்து பாதி ஆக்ஸிலேட்டரில் வெட்டுகிறவர்தான் கிளட்ச்சைக் கொல்கிறார். வெட்டும்போது முழு வேகம், வெட்டாதபோது ஐட்லிங். நடுவில் நிற்காதே. இதை மெஷின் விற்கும்போது சொல்ல அரை நிமிடம் ஆகும். யார் சொல்கிறார்கள்?

பிரித்துப் பார்க்கும் முறையையும் எழுதிவிடுகிறேன், நம்மிடம் புல் மெஷின் வைத்திருப்பவர்கள் பத்துப் பேராவது உண்டு. எஞ்சின் ஆறட்டும். ஸ்பார்க் பிளக் கேப்பைப் பிடுங்கி ஒதுக்கி வையுங்கள், இதில் சமாதானமே கிடையாது. எஞ்சினையும் நீளக் குழாயையும் சேர்க்கும் இடத்தில் உள்ள போல்ட்டுகளைக் கழற்றினால் இரண்டும் பிரியும். எஞ்சின் பக்கம் ஷூ, குழாய்ப் பக்கம் டிரம். கை வைக்கும் முன் செல்போனில் ஒரு போட்டோ எடுங்கள், ஷூவுக்குத் திசை உண்டு, மாற்றிப் போட்டால் சரியாகப் பிடிக்காது. ஸ்பிரிங் முழுசாக இருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா? இரண்டு ஷூவும் ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா? மாற்றுவதென்றால் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், ஒன்று புதுசு ஒன்று பழசு என்றால் மெஷின் உதறும். டிரம்மைக் கையால் சுற்றினால் கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங் பார்க்க வேண்டும். உள்சுவர் பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகியிருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, சுத்தமான துணியால் துடைத்துவிடுங்கள்.

தயவுசெய்து ஆயில் விடாதீர்கள், கிரீஸ் வைக்காதீர்கள். நம் ஆட்களுக்கு எது சத்தம் போட்டாலும் ஆயில் விடுகிற பழக்கம். இது வறண்டு கிடந்தால்தான் பிடிக்கும் கிளட்ச். கிரீஸ் வேண்டியது கீழே பிளேடு பக்கம் இருக்கும் கியர் பெட்டிக்கு. கிளட்ச் இடத்தில் எண்ணெய் ஈரம் தெரிந்தால் எஞ்சின் பக்கத்து ஆயில் சீல் கசிகிறது என்று அர்த்தம், சீலை மாற்றாமல் ஷூவை மாற்றினால் ஒரு மாதத்தில் திரும்ப வரும். மாட்டி முடித்ததும் ஐட்லிங்கில் விட்டுப் பாருங்கள். பிளேடு அசையாமல் நிற்க வேண்டும். ஸ்பிரிங் நன்றாக இருந்தும் சுற்றினால் கார்புரேட்டரில் ஐட்லிங் ஸ்குரூ ஏறியிருக்கிறது, அதைக் குறைத்தால் போதும். இதற்குக்கூட "கிளட்ச் போச்சு" என்று எழுதிக் கொடுக்கும் இடங்கள் உண்டு என்று கேள்விப்பட்டேன்.

உட்கார்ந்து ஓட்டும் பெரிய மெஷினுக்குக் கதை வேறு. அதில் பிளேடை இயக்குவது மின்காந்த கிளட்ச். அதிலும் பல மாடல்களில் இடைவெளியைச் சரி செய்ய மூன்று நட்டுகள் வைத்திருப்பார்கள். தேயத் தேய அந்த இடைவெளி அகலும், காந்தத்தால் தட்டை இழுக்க முடியாமல் போகும். ஃபீலர் கேஜ் விட்டு, புத்தகத்தில் சொன்ன அளவுக்கு (அரை மில்லிமீட்டருக்கும் கீழே இருக்கும் பெரும்பாலும்) மூன்று இடத்திலும் நட்டை இறுக்கினால் பழையபடி பிடிக்கும். பேட்டரி வோல்ட்டேஜ் இறங்கியிருந்தாலும் இதே கோளாறு காட்டும். முதலில் பேட்டரி, பிறகு இடைவெளி, கடைசியில்தான் புதுக் கிளட்ச். ஆனால் நடப்பது தலைகீழ்.

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன்.

"டீச்சர், டைம் இஸ் மணி" என்று ஒரு பையன் எழுதினான். ஒன்றரை மணி நேரம் செலவழித்து ஒரு ஸ்பிரிங் மாற்றுவதைவிடப் புதுசு வாங்குவது லாபமாம். யாருக்கு லாபம் கண்ணு? மாதம் பிறந்தால் கணக்கில் சம்பளம் விழுகிற உனக்கு இருக்கலாம். கடனில் வாங்கிய மெஷினுக்கு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருப்பவன், இரண்டாவது மெஷினுக்கும் தவணை கட்டினால் அவன் புல் வெட்டுவது யாருக்காக? விவசாயக் கருவிகளுக்கு அரசு மானியம் தருகிறது, 2014-15 முதல் அதற்கென்று மத்திய திட்டமே இருக்கிறது. நல்லதுதான். மெஷின் வாங்க மானியம் உண்டு. வாங்கிய மெஷின் நின்றால் அதை ஓட வைப்பதற்கு ஊருக்குள் என்ன இருக்கிறது? அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் ரிப்பன் வெட்டுவதற்குப் புது மெஷின்தான் அழகாக இருக்கும்.

"கம்பெனி பார்ட்ஸ் தரலைன்னா நாம என்ன பண்றது?" என்று இன்னொருவர். இதற்குப் பதில் நம் நாட்டிலேயே இருக்கிறது. வெளியில் உள்ள மெக்கானிக்குகளுக்கு உதிரி பாகமும் கையேடும் கிடைக்காமல் தடுத்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. காருக்குச் சொன்ன நியாயம் பிரஷ் கட்டருக்குப் பொருந்தாதா? 2022-இல் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகளையும் செல்போன், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்களோடு சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். அந்த வருடம் டிசம்பர் 24-இல் இணையதளமும் திறந்தார்கள். சட்டமாகவில்லை. இணையதளம் இருந்தால் போதுமா, ஓட்டேரிக்காரன் அதைத் திறந்து என்ன செய்வான்? பிரான்சில் 2021 ஜனவரி முதல் சில பொருட்களை விற்கும்போது அதைப் பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு இத்தனை மதிப்பெண் என ஒட்டியே விற்க வேண்டும். முதலில் சேர்த்த ஐந்து பொருட்களில் செல்போன், லேப்டாப், டிவி, வாஷிங் மெஷினோடு எது தெரியுமா? மின்சாரப் புல்வெட்டி! புல் மெஷினைப் பற்றிப் பேசுவது கிழவிகளின் வேலையற்ற வேலை என்று சிரித்தவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

பேட்டரி மெஷினில் கிளட்ச்சே கிடையாதே என்றும் ஒருவர் கேட்டார். உண்மை. மோட்டாரை நிறுத்தினால் பிளேடு நின்றுவிடும், புகையும் இல்லை. வீட்டுத் தோட்டத்துக்கு நானே அதைத்தான் சொல்வேன். நாளெல்லாம் தோப்பில் வெட்டுகிறவனுக்கு எத்தனை பேட்டரி வேண்டும், ஒரு பேட்டரி செத்தால் என்ன விலை என்று கேட்டுவிட்டு வாருங்கள், பிறகு பேசுவோம்.

எனக்குக் கோபம் கம்பெனிகள் மேல் மட்டும் இல்லை. நம் படிப்பின் மேலும்தான். கோத்தாரி கல்விக் குழு 1964-66-இலேயே பள்ளியில் 'பணி அனுபவம்' வேண்டும் என்றது. 1977-இல் ஈஸ்வர்பாய் படேல் குழு, சமூகத்துக்குப் பயன்படும் ஆக்க வேலை என்று அதற்குப் புதுப்பெயர் வைத்தது. நாங்கள் ஆசிரியர் பயிற்சியில் அதைப் படித்துத் தேர்வும் எழுதினோம். பள்ளிக்கு வந்து பார்த்தால் டைம்டேபிளில் ஒரு பீரியட் இருக்கும், அந்த பீரியடில் கணக்கு நடக்கும். கையால் செய்யும் வேலை படிக்காதவனுக்கு என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் சொல்லிக்கொடுத்தோம். அதன் விளைவுதான் மையவிலக்கு விசைக்குச் சூத்திரம் எழுதி நூற்றுக்கு நூறு வாங்கியவன், அந்த விசை வேலை செய்யும் ஒரு டிரம்மைப் பார்த்து 'தூக்கிப் போடு' என்கிறான்.

இத்தனைக்கும் நாம் எந்த ஊர்க்காரர்கள்? முதல் புல்வெட்டும் மெஷினை 1830-இல் இங்கிலாந்தில் செய்தவர் எட்வின் பட்டிங். துணி மில்லில் கம்பளித் துணியின் மேல் முடியைச் சீவும் உருளை பிளேடைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. நம் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகளில் தோலின் கனத்தைச் சீவும் சேவிங் மெஷினிலும் அதே மாதிரி திருகுப் பிளேடு உருளைதான் சுற்றுகிறது. அதாவது புல் மெஷினும் தோல் மெஷினும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். அந்தப் பட்டிங் அளவு மாற்றும் ஸ்பேனரும் ஒன்று செய்தவர் என்பது எனக்குப் பிடித்த செய்தி. மெஷினையும் கொடுத்தார், கழற்றுவதற்கு ஸ்பேனரையும் கொடுத்தார்.

நம் பாகாயத்து மருத்துவக் கல்லூரி வளாகத்துக்கே வருகிறேன். 1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், மருத்துவம் படிக்கும் முன் கட்டட வேலையும் தச்சும் கற்றவர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, தசைநாணை இடம் மாற்றி மறுபடி இயங்க வைத்தவர். கை சரியானவர்கள் பிழைக்க வேண்டுமே என்று, புதுவாழ்வு மையத்தில் அவர்களுக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள். மனிதக் கையையே 'போச்சு' என்று விடாத ஊர் இது. நாம் ஒரு ஸ்பிரிங்கைத் தேடச் சோம்பல்படுகிறோம்.

எதையும் எல்லாரும் பிரிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. டிரம்மில் விரிசல் விட்டிருந்தால் அதை வெல்டிங் வைத்து ஓட்டுவது கொலைக்குச் சமம். அந்த வேகத்தில் தெறித்தால் யார் காலில் பாயும் என்று சொல்ல முடியாது. அதை மாற்றித்தான் ஆக வேண்டும். டூப்ளிகேட் ஷூக்களில் லைனிங் பிய்ந்து வந்ததையும் பார்த்திருக்கிறேன், விலை மலிவு என்று எதையும் வாங்கி மாட்டாதீர்கள். வாரண்டி காலத்தில் இருக்கும் மெஷினை முதலில் அவர்களிடமே கொண்டுபோய், கோளாறு என்ன என்று எழுத்தில் வாங்குங்கள். "கிளட்ச் போச்சு" என்று எழுதினால் விடாதீர்கள். ஷூவா, ஸ்பிரிங்கா, டிரம்மா, பேரிங்கா, எது போச்சு என்று எழுதச் சொல்லுங்கள். அப்படிக் கேட்டதுமே பாதி இடங்களில் பேச்சு மாறும்.

கம்பெனிகளில் டிசைன் பிரிவில் இருக்கும் என் பிள்ளைகள் மூன்று பேராவது இந்தப் பதிவைப் படிப்பீர்கள் என்று தெரியும். மெஷினோடு வரும் புத்தகத்தில் கிளட்ச் பக்கத்தைத் தமிழில் போடச் சொல்லி உங்கள் மேலதிகாரியிடம் கேளுங்கள். ஸ்பிரிங்கின் நீளம், கம்பியின் கனம், டிரம்மின் உள்விட்டம், இவ்வளவு போதும். ஐ.டி.ஐ.யில் பாடம் எடுக்கும் இரண்டு பேர் இருக்கிறீர்கள், உங்களுக்கு ஒரு பழைய பிரஷ் கட்டர் தருகிறேன், பையன்கள் பிரித்து மாட்டிப் பழகட்டும். மற்றவர்கள் உங்கள் வீட்டு மெஷினின் மாடலையும், அதற்கு ஷூவும் ஸ்பிரிங்கும் எந்த ஊரில் எந்த மாதிரிக் கடையில் கிடைத்தது என்பதையும் கீழே எழுதுங்கள். நான் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். இப்போதைக்கு அதில் நாலு வரிதான் இருக்கிறது.